பெஞ்ச்சில் ஓடும் இன்னொரு மேட்ச்

மேட்ச் இன்னும் தொடங்கவே இல்லை. அதற்குள் ஒருத்தருக்குக் காயம்!

1969 ஜனவரி. பாரிஸை ஒட்டிய கொலோம்ப் மைதானம். ஃபிரான்ஸுக்கும் ஸ்காட்லாந்துக்கும் ரக்பி. டிரெஸ்ஸிங் ரூமிலிருந்து களத்துக்கு வர படியேற வேண்டும். ஃபிரான்ஸ் வீரர் ழான்-பியர் சாலு உற்சாகமாகப் படிகளில் ஓடி ஏறினார். கணுக்கால் பிசகிவிட்டது. யாரும் பந்தைத் தொடவில்லை, விசில் ஊதவில்லை, ஆனால் சாலு ஆட்டத்தில் இல்லை. ழான் இயாகெட்டி அவசர அவசரமாக அவர் இடத்துக்கு வந்தார். ஸ்காட்லாந்து 6-3 என்று ஜெயித்துவிட்டுப் போனது.

இந்த மாதிரிக் கதைகளுக்காகவே நான் ரக்பி பார்க்கிறேன் என்று சொன்னால்கூடத் தப்பில்லை. டிரை போடுவதை, அதாவது எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதிப்பதை, பார்க்க அரங்கம் முழுக்க ஆள் இருக்கிறது. எனக்குக் கண் போவது டச்லைன் ஓரம். அங்கே ஒருத்தர் ட்ராக்சூட்டைக் கழற்றுகிறார், ஒருத்தர் காதில் மாட்டிய ஒயர்லெஸ்ஸில் பேசுகிறார், இன்னொருத்தர் கையில் ஒரு சீட்டோடு ஓடுகிறார். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்வதைவிட சமையல்கட்டை எட்டிப் பார்ப்பதில்தான் சுவாரசியம் என்று நினைக்கிறவர்களுக்கு ரக்பியில் அந்த இடம் பெஞ்ச்தான். வாருங்கள், உள்ளே போகலாம்!

களத்தில் 15 பேர். பெஞ்ச்சில் 8 பேர், ஜெர்சி எண் 16 முதல் 23 வரை. ரக்பியில் எண்ணே வேலையைச் சொல்லிவிடும். 16 என்றால் ஹூக்கர். 17, 18 இரண்டு ப்ராப்கள். வழக்கமாக 19, 20 ஸ்க்ரமில் தள்ளுகிற மற்ற ஃபார்வர்டுகள். 21 ஸ்க்ரம் ஹாஃப். 22 ஃபிளை ஹாஃப், அதாவது உதைப்பதும் ஆட்டத்தை நடத்துவதும் இவர் பொறுப்பு. 23 பின்களத்தில் ஓடுகிற ஆள். 21 முதல் 23 வரை உள்ளவர்களைப் பேக் என்பார்கள். டச்லைன் ஓரத்தில் நான்காவது, ஐந்தாவது அதிகாரிகள் நிற்பார்கள். ஆளை மாற்ற வேண்டுமென்றால் அணி மேலாளர் அவர்களிடம் ஒரு சீட்டைக் கொடுக்க வேண்டும். போகிறவர் எண், வருகிறவர் எண், என்ன காரணம்.

அந்த மூன்றாவது கட்டத்தில்தான் விஷயமே இருக்கிறது! ஏனென்றால் காரணத்தைப் பொறுத்து ஒரு வீரரின் அன்றைய தலையெழுத்தே மாறிவிடும். காயம் என்று எழுதினால் போனது போனதுதான், அன்றைக்குத் திரும்ப முடியாது. ரத்தம் என்று எழுதினால் 15 நிமிடம். அதற்குள் ரத்தத்தை நிறுத்தி, கட்டுப் போட்டுக்கொண்டு வந்துவிடலாம். தலையில் அடி என்றால் 12 நிமிடம். டாக்டர் சோதிப்பார், தேறினால் வரலாம். இந்த இரண்டும் மேட்ச் கடிகாரத்தில் ஓடுகிற நேரம் இல்லை, சுவர்க் கடிகார நேரம். நடுவர் ஆட்டத்தை நிறுத்தி வைத்தாலும் இது நிற்காது. ஒரு விநாடி தாண்டினாலும் தற்காலிகமாக வந்தவர் நிரந்தரம்.

நான்காவது காரணம், வியூகம். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, பயிற்சியாளர் மாற்ற நினைக்கிறார், அவ்வளவுதான். இப்படி வெளியே வந்தவர் கால்பந்து மாதிரி திரும்பவே முடியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கு முக்கியமாக நான்கு கதவுகள் திறந்திருக்கின்றன. முன்வரிசை வீரர், அதாவது ஹூக்கரோ ப்ராப்போ, காயப்பட்டால் அவர் இடத்துக்கு வரலாம். ரத்தம் சிந்துகிறவருக்குப் பதிலாக வரலாம். தலைச் சோதனைக்குப் போனவருக்குப் பதிலாக வரலாம். எதிரணியின் முரட்டு ஆட்டத்தில் அடிபட்டவருக்குப் பதிலாகவும் வரலாம். ட்ராக்சூட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர் திடீரென்று எழுந்து ஓடுவதைப் பார்த்திருந்தால், பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்று திறந்திருக்கிறது என்று அர்த்தம். சட்டப் புத்தகத்தில் இதெல்லாம் மூன்றாவது விதி. வறட்டு மொழியில் எழுதிய விதிதான், ஆனால் அதன் ஒவ்வொரு உட்பிரிவுக்கும் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார். முழங்கால் போன ஆள், வாயில் ரத்தம் வந்த ஆள், வந்ததாகக் காட்டிய ஆள்!

இத்தனைக்கும் ஒரு காலத்தில் இப்படியொரு விதியே இல்லை. சர்வதேச ரக்பியில் எலும்பு முறிந்தால், ஒன்று முறிந்த எலும்போடு ஆட வேண்டும், இல்லையென்றால் மீதி 14 பேர் சமாளிக்க வேண்டும். ஆள் மாற்றுவது பெருந்தன்மைக்கு இழுக்கு என்றுகூட ஒரு நினைப்பு இருந்தது. 1968-இல்தான் மனம் இளகி, காயப்பட்டவருக்கு மட்டும், அதுவும் இரண்டு பேர் வரை, மாற்று வீரர் வரலாம் என்று அனுமதித்தார்கள். அந்த ஜூன் மாதம் தென்னாப்பிரிக்காவின் ப்ரிட்டோரியாவில், பிரிட்டன், அயர்லாந்து வீரர்கள் சேர்ந்து ஆடும் லயன்ஸ் அணியின் முதல் டெஸ்ட். வேல்ஸின் பேரி ஜானுக்குக் காறை எலும்பு முறிந்தது. அயர்லாந்தின் மைக் கிப்சன் உள்ளே வந்தார். சர்வதேச ரக்பியின் முதல் மாற்று வீரர் அவர்தான்! ஏதோ ஒப்புக்கு வந்தவர் இல்லை, கிப்சன் அந்தக் காலத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர். அப்பேர்ப்பட்டவர்தான் அன்றைக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்.

இரண்டு வருடம் கழித்து, 1970 பிப்ரவரி 28. லண்டன் ட்விக்கன்ஹாம். இங்கிலாந்து முன்னிலை, வேல்ஸ் தடுமாறுகிறது. முதலில் விழுந்தவர் யார் தெரியுமா? நடுவர்! ஃபிரான்ஸிலிருந்து வந்திருந்த ராபர்ட் கால்மே காயப்பட்டு வெளியேற, ஜானி ஜான்சன் விசிலை வாங்கிக்கொண்டார். பிறகு வேல்ஸின் கேரத் எட்வர்ட்ஸ் அடிபட்டார். எட்வர்ட்ஸ் தன் நாட்டுக்காக ஆடிய 53 டெஸ்டுகளும் ஒன்றுகூட விடாமல் தொடர்ந்து ஆடியவை. அப்படிப்பட்டவருக்குப் பின்னால் காத்திருக்கும் ஸ்க்ரம் ஹாஃபின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ரே ஹாப்கின்ஸ். எல்லாரும் 'சிக்கோ' என்றுதான் கூப்பிடுவார்கள். கடைசி 20 நிமிடம் போல மிச்சம் இருக்கும்போது வந்தார். ஜே.பி.ஆர். வில்லியம்ஸ் டிரை போட வழி செய்து கொடுத்தார், தானும் ஒன்று போட்டார், வேல்ஸ் 17-13 என்று ஜெயித்தது. அதற்குப் பிறகு அவர் வேல்ஸுக்காக ஆடவே இல்லை. வேல்ஸ் ஜெர்சியில் அவர் வாழ்க்கை மொத்தமும் அந்த இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. எத்தனையோ பேருக்கு அறுபது டெஸ்ட் ஆடியும் இப்படி ஒரு கதை வாய்க்காது!

காயம் மட்டும்தான் காரணம் என்றிருந்த அந்த ஏற்பாடு 1996 வரை ஓடியது. அந்த வருடம்தான் வியூகத்துக்காகவும் ஆளை மாற்றலாம் என்றார்கள். ரக்பி யூனியன் முந்தைய வருடம்தான் சம்பளம் வாங்கி ஆடும் விளையாட்டாக மாறியிருந்தது. முழுநேர வீரர்கள், முழுநேரப் பயிற்சியாளர்கள். பெஞ்ச் என்பது ஆம்புலன்ஸ் ஏற்பாடு என்ற நிலையிலிருந்து ஆயுதக்கிடங்காக மாறத் தொடங்கியது அப்போதுதான்.

அந்தக் கிடங்குக்குள் போவதற்கு முன்னால் முன்வரிசையைப் பார்த்துவிட வேண்டும். சட்டம் ஆகக் கவலைப்படுவது இவர்களைப் பற்றித்தான். ஸ்க்ரம் என்பதை நீங்கள் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள்: எட்டுப் பேரும் எட்டுப் பேரும் தலையைக் கோத்துக்கொண்டு முட்டித் தள்ளுவது. சர்வதேச அணி என்றால் ஒரு பக்கத்து எடையே 900 கிலோவைத் தொடும். அந்த மொத்த பலமும் முன்னால் நிற்கும் மூன்று கழுத்துகள் வழியாகத்தான் போகிறது. இடது ப்ராப், ஹூக்கர், வலது ப்ராப். இது கற்றுத் தேர வேண்டிய வேலை. பழக்கமில்லாத ஆளை அங்கே நிறுத்தினால் ஸ்க்ரம் சரியும், சரிந்தால் கழுத்தெலும்பு போகும். இடது பக்கம் ஆடுகிற ப்ராப் வலது பக்கத்துக்கு ஆகமாட்டார் என்கிற அளவுக்கு அது நுணுக்கம்.

அதனால்தான் 23 பேர் கொண்ட அணியில் முன்வரிசைக்குத் தேர்ந்தவர்கள் குறைந்தது ஆறு பேர் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். மூன்று இடத்துக்கும் தனித்தனி மாற்று. அவர்களும் தீர்ந்துவிட்டால்? அப்போது தள்ளாத ஸ்க்ரம். அதாவது இரு பக்கமும் எட்டு எட்டுப் பேராகச் சும்மா கோத்து நிற்பார்கள், பந்தைப் போடுகிற அணி எடுத்துக்கொண்டு போகும்.

உடனே ஒரு குறும்பு புத்தி வேலை செய்யும், இல்லையா? ஸ்க்ரமில் உதை வாங்கிக்கொண்டிருக்கும் அணி, "எங்க ப்ராப்புக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு" என்று சொல்லித் தள்ளாத ஸ்க்ரமுக்கு மாற்றிவிட்டால் தப்பித்துவிடலாமே! சட்டம் அதையும் யோசித்து வைத்திருக்கிறது. யார் வெளியேறியதால் தள்ளாத ஸ்க்ரம் வந்ததோ, அவருக்குப் பதில் ஆள் கிடையாது. ஒருத்தர் குறைவாகத்தான் ஆட வேண்டும்.

இந்த உட்பிரிவு ஓர் அணியை என்ன பாடு படுத்தும் என்பதை 2022 பிப்ரவரி 27 அன்று டப்ளினில் உலகம் பார்த்தது. அயர்லாந்தை எதிர்த்து இத்தாலி. ஆட்டம் சூடு பிடிப்பதற்குள் இத்தாலியின் ஹூக்கர் ஜான்மார்கோ லுக்கேசிக்குக் காயம். மாற்று ஹூக்கர் ஹாமே ஃபைவா வந்தார். அவர் வந்த கொஞ்ச நேரத்திலேயே அபாயகரமான டேக்கிளுக்குச் சிவப்பு அட்டை. இத்தாலியிடம் இனி ஹூக்கரே இல்லை! தள்ளாத ஸ்க்ரம் என்றார் நடுவர் நீகா அமாஷுகேலி. சிவப்பு அட்டையால் 14 பேர். தள்ளாத ஸ்க்ரமுக்குத் தண்டனையாக இன்னொருத்தர் வெளியே, 13 பேர். இன்னும் ஒரு மணி நேர ஆட்டம் பாக்கி. அந்த 13 பேரிலும் ஸ்க்ரமுக்கு எட்டுப் பேர் நின்றே ஆக வேண்டும் என்பதால் மீதிக் களம் முழுவதற்கும் ஐந்தே ஐந்து பேர்! 57-6 என்று முடிந்தது. டிக்கெட் வாங்கி வந்தவர்கள் முதல் இத்தாலியின் பயிற்சியாளர் வரை எல்லாரும் அன்று இரவு மூன்றாவது விதியைப் படித்திருப்பார்கள். என்னைக் கேட்டால், காயத்தைப் போலி செய்கிறவர்களுக்காக வைத்த பொறியில் இத்தாலி அநியாயமாக மாட்டியது. முதல் ஹூக்கரின் காயம் உண்மையானது, இரண்டாமவருக்கு நடுவரே சிவப்பு அட்டை காட்டினார். இதில் ஏமாற்ற என்ன இருக்கிறது? ஆனாலும் பொறியை எடுத்துவிட்டால் அடுத்த வாரமே நாலு ப்ராப்களுக்கு முதுகு பிடித்துக்கொள்ளும் என்பதும் எனக்குத் தெரியும்.

அதே வருடம் ஜூலையில் நியூசிலாந்தின் டனிடனில் இந்தக் கணக்கு அதிகாரிகளையே குழப்பியது. ப்ராப்கள் இருவருக்கு அட்டை விழ, நியூசிலாந்து யாரையெல்லாம் வெளியே எடுக்க வேண்டும், யார் திரும்பலாம் என்பதில் சிக்கல். ஆர்டி சவேயா வெளியே போனார், பிறகு திரும்பி வரவே விடவில்லை. அவர் திரும்பியிருக்கலாம் என்பது மேட்ச் முடிந்த பிறகு தெளிவானது. அயர்லாந்து 23-12 என்று வென்று, ஆல் பிளாக்ஸ் என்று அழைக்கப்படும் நியூசிலாந்து அணியை அதன் மண்ணிலேயே முதல்முறையாகச் சாய்த்தது.

இப்போது ரத்தத்துக்கு வருவோம். இந்தக் கதையைச் சொல்லும்போது எனக்கு இன்னும் படபடப்பு வரும்.

2009 ஏப்ரல் 12. லண்டனில் ஹார்லெக்வின்ஸ் அணியின் சொந்த மைதானம், தி ஸ்டூப். ஐரோப்பிய கிளப்களுக்கான ஹைனகன் கோப்பை காலிறுதி. அயர்லாந்தின் லைன்ஸ்டர் 6, ஹார்லெக்வின்ஸ் 5. சில நிமிடங்கள்தான் மிச்சம். ஒரே ஒரு டிராப் கோல் விழுந்தால் மூன்று புள்ளி, மேட்ச் கையில். ஆனால் அதை அடிக்கக்கூடிய நிக் எவன்ஸ் முன்பே மாற்றப்பட்டு வெளியே உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு மாற்றாக வந்தவரும் காயம். எவன்ஸ் திரும்ப வேண்டுமென்றால் யாருக்காவது ரத்தம் வர வேண்டும்.

வந்தது. டாம் வில்லியம்ஸ் வாயிலிருந்து செக்கச்செவேலென்று ஒழுகியது! எவன்ஸ் உள்ளே ஓடினார். வில்லியம்ஸ் வெளியே போகும்போது கண்ணடித்தார். அந்தக் கண்ணடிப்பு கேமராவில் பதிந்துவிட்டது. லைன்ஸ்டர்காரர்களுக்கு அங்கேயே சந்தேகம். எவன்ஸ் அடித்த டிராப் கோல் குறி தவறியது, லைன்ஸ்டர் ஜெயித்தது. அப்படியே முடிந்திருந்தால் யாரும் நோண்டியிருக்க மாட்டார்களோ என்னவோ. விசாரணை வந்தது. ரத்தம் இல்லை, வேடிக்கைச் சாமான் கடையில் வாங்கிய சிவப்புச் சாயக் குளிகை. காலுறைக்குள் ஒளித்து வைத்திருந்து, எடுத்து வாயில் போட்டுக் கடித்திருக்கிறார். டிரெஸ்ஸிங் ரூமில் காயம் நிஜம்போலத் தெரிய உதட்டைக் கீறிவிடச் சொல்லி டாக்டரிடம் கேட்டு, அதுவும் நடந்திருக்கிறது. பயிற்சி இயக்குநர் டீன் ரிச்சர்ட்ஸுக்கு மூன்று வருடத் தடை, பிசியோ ஸ்டெஃப் பிரென்னனுக்கு இரண்டு வருடம், கிளப்புக்கு 2,59,000 பவுண்டு அபராதம். வில்லியம்ஸுக்கு முதலில் 12 மாதம் தடை, உண்மையைச் சொன்ன பிறகு நான்கு மாதமாகக் குறைந்தது.

இங்கே இருக்கிற நுட்பத்தைக் கவனித்தீர்களா? ரத்தப் பிரிவை எழுதியவர்கள் நல்ல எண்ணத்தோடு எழுதினார்கள். காயத்தோடு ஒருத்தர் களத்தில் நிற்கக் கூடாது, அவர் அணியும் அதனால் நஷ்டப்படக் கூடாது. அந்த நல்ல எண்ணத்தில்தான் எவன்ஸ் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி இருந்தது. வில்லியம்ஸ் வாயில் குளிகை வைத்தது மன்னிக்க முடியாத காரியம். ஆனால் சட்டத்தின் எந்த வரியில் எந்தக் கதவு இருக்கிறது என்று டச்லைனில் நிற்பவர்கள் எவ்வளவு துல்லியமாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி இல்லை.

அடுத்த கதவு கொஞ்சம் மெதுவாகத் திறக்க வேண்டியது. தலைச் சோதனை அறை. எச்.ஐ.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

அரங்கச் சத்தம் எட்டாத ஓர் அறை. டாக்டர், அடிபட்டவர், ஓடிக்கொண்டிருக்கும் 12 நிமிடம். முதலில் எளிய கேள்விகள்: இது எந்த மைதானம், இது முதல் பாதியா இரண்டாவதா, கடைசியாகப் புள்ளி எடுத்தது யார், போன மேட்ச் யாருடன், ஜெயித்தீர்களா. பிறகு பத்து வார்த்தைகளைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்வார். எண்களைத் தலைகீழாகச் சொல்ல வேண்டும். ஒரு கோட்டின் மேல் குதிகாலும் விரல்நுனியும் ஒட்டியபடி நடந்து காட்ட வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பத்து வார்த்தைகள் மறுபடியும். இதையெல்லாம் சீசன் தொடங்கும் முன் அதே வீரர் நல்ல நிலையில் செய்தபோது எடுத்த மதிப்பெண்ணோடு ஒப்பிடுவார்கள். இன்னொரு பக்கம், அடி விழுந்த காட்சியைப் பல கோணங்களில் திரையில் ஓட்டிப் பார்ப்பார்கள். மேட்ச் முடிந்து மூன்று மணி நேரத்துக்குள் இரண்டாவது சோதனை. இரண்டு இரவு தூங்கி எழுந்த பிறகு மூன்றாவது. களத்திலேயே நினைவிழந்தாலோ, கால் தள்ளாடினாலோ இந்த அறைக்கே வேலை இல்லை, நேராக வெளியேற்றம்தான். இப்போது வாய்க்காப்புக்குள்ளேயே சென்சார் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பலத்த அடி விழுந்தாலும் ஓரத்தில் நிற்கும் டாக்டருக்கு எச்சரிக்கை போய்விடும். 2024-இல் இது உயர்மட்டப் போட்டிகளில் நடைமுறைக்கு வந்துவிட்டது.

இந்த 12 நிமிடம் சும்மா கிடைத்துவிடவில்லை. 2012-இல் சோதனை முறையாக வந்தபோது வெறும் ஐந்து நிமிடம்தான். அது போதவே போதாது என்று சர்வதேச வாரியத்தின் மருத்துவக் குழுவிலிருந்து டாக்டர் பேரி ஓ'டிரிஸ்கால் விலகினார். அடுத்த வருடம், 2013 ஜூலை, சிட்னியில் லயன்ஸுக்கு எதிராக ஆஸ்திரேலியாவின் ஜார்ஜ் ஸ்மித் தலையோடு தலை மோதி, தாங்கிப் பிடிக்க ஆள் வைத்துக்கொண்டு தள்ளாடி வெளியே போனார். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து ஆடினார்! அந்தக் காட்சியை இன்றைக்குப் பார்த்தாலும் வயிறு கலங்குகிறது. அந்த ஐந்து நிமிட ஏற்பாட்டை வாதங்களால் அசைத்ததைவிட ஸ்மித்தின் அந்த நடை அதிகமாக அசைத்தது. நம் ஊர் கிரிக்கெட் ரசிகர்களுக்கும் இந்த மாதிரிப் பிரிவு புதிதில்லை. 2020 டிசம்பர், கான்பெராவில் நம்ம நடராஜன் முதல் டி20 சர்வதேசப் போட்டி ஆடிய அதே மேட்ச். ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பந்து பட்டு, அவருக்குப் பதிலாகச் சஹல் வந்து மூன்று விக்கெட் எடுத்தார். ஆஸ்திரேலியப் பயிற்சியாளர் மேட்ச் ரெஃப்ரியிடம் வாதாடியதை எல்லாரும் பார்த்தோம். ரக்பியில் அந்த வாதம் வாராவாரம்.

சரி, இனி ஆயுதக்கிடங்கு!

பயிற்சியாளர்கள் உட்காருவது அரங்கின் உயரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள். ஒவ்வொரு வீரரின் முதுகிலும் தோள்பட்டைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஜி.பி.எஸ். கருவி. யார் எவ்வளவு ஓடினார், யாருடைய வேகம் விழுகிறது என்று லேப்டாப்பில் கோடுகள் நகர்ந்துகொண்டே இருக்கும். அங்கிருந்து டச்லைனுக்கு ஒயர்லெஸ். டச்லைனிலிருந்து களத்துக்கு? தண்ணீர் பாட்டிலோடு ஓடுகிற ஆள்தான் தபால்காரர். 2021-இல் தென்னாப்பிரிக்காவின் ரக்பி இயக்குநர் ராஸி எராஸ்மஸ் தானே தண்ணீர் தூக்கிக்கொண்டு களத்துக்குள் போனார். அடுத்த வருடமே, தலைமைப் பயிற்சியாளரும் இயக்குநரும் தண்ணீர் தூக்கக் கூடாது என்று விதி வந்துவிட்டது. மனிதர் அடங்கவில்லை. 2023 உலகக் கோப்பையில் கண்ணாடிப் பெட்டியிலிருந்து பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு காட்டிக்கொண்டிருந்தார்!

பெஞ்ச் எப்படி ஆயுதம் ஆகிறது என்றால், 8 பேரை எப்படிப் பிரிக்கிறீர்கள் என்பதில். வழக்கம் ஐந்து ஃபார்வர்டு, மூன்று பேக். 2019 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்கா ஆறு-இரண்டு என்று வைத்தது. பெஞ்ச்சில் உட்கார்ந்திருந்த அந்தக் கனத்த ஆட்களுக்கு 'பாம் ஸ்குவாட்' என்று பெயர். இரண்டாம் பாதியில் களைத்துப்போன எதிரணி முன்னால் புத்தம் புது முன்வரிசையை இறக்கிவிடுவார்கள். யோகோஹாமாவில் நடந்த இறுதிப் போட்டியில் இங்கிலாந்தின் வலது ப்ராப் கைல் சிங்க்லர் மூன்றாவது நிமிடத்திலேயே தலையில் அடிபட்டு வெளியேறினார். டான் கோல் வந்தார். அவருக்கு அப்புறம் அந்த இடத்துக்கு இங்கிலாந்திடம் ஆளே கிடையாது. மிச்சம் முழுவதையும் கோல் ஒருவரே சுமக்க வேண்டும். எதிரே தென்னாப்பிரிக்கா முன்வரிசையையே மாற்றிக்கொண்டே இருக்கிறது. ஸ்க்ரமுக்கு ஸ்க்ரம் பெனால்டி. 32-12.

நான்கு வருடம் கழித்து, 2023 அக்டோபர் 21, பாரிஸில் அதே இரண்டு அணிகள் அரையிறுதியில். இந்த முறை கோல் தொடக்கத்திலேயே இறங்கிப் பிரமாதமாக ஆடினார். இங்கிலாந்து ஒரு கட்டத்தில் 15-6 என்று முன்னிலை. தென்னாப்பிரிக்கா 31-ஆவது நிமிடத்திலேயே தன் ஃபிளை ஹாஃப் மானி லிபோக்கை எடுத்துவிட்டு ஹான்ட்ரே பொல்லார்டை இறக்கியது. அரை மணி நேரத்தில் ஆட்டத்தை நடத்துகிறவரையே மாற்றுவது எவ்வளவு நெஞ்சுரம் வேண்டிய காரியம்! அப்புறம் ஆக்ஸ் என்சே வந்தார், ஆர்.ஜி. ஸ்னைமன் வந்தார். இங்கிலாந்தும் கோலை எடுத்து சிங்க்லரை இறக்கியது. பெஞ்ச்சும் பெஞ்ச்சும் மோதியதில் தராசு சாய்ந்தது. ஸ்னைமன் டிரை போட்டார். கடைசி நிமிடங்களில் ஒரு ஸ்க்ரமில் என்சே புரட்டி எடுக்க, பெனால்டி. கிட்டத்தட்ட பாதிக் களத்திலிருந்து பொல்லார்ட் அடித்தார். 16-15!

இதில் நான் ரசித்து ரசித்துச் சொல்வது ஒன்று உண்டு. அந்தப் பொல்லார்ட் முதலில் அறிவித்த உலகக் கோப்பை அணியிலேயே இல்லை. ஹூக்கர் மால்கம் மார்க்ஸுக்கு முழங்கால் போனபோது, அவருக்குப் பதிலாகச் சேர்த்த ஆள். ஹூக்கருக்குப் பதில் ஃபிளை ஹாஃப்! அதாவது, ஹூக்கர் பஞ்சத்தை ஏற்றுக்கொண்டு உதைக்கிறவரை வாங்கினார்கள். அந்தக் கடனுக்கு வட்டி இறுதிப் போட்டியில் கேட்கப்பட்டது. நியூசிலாந்துக்கு எதிராக, தொடங்கிய மூன்று நிமிடத்துக்குள் ஹூக்கர் போங்கி ம்பொனாம்பி காயம். அவருக்குப் பதில் டியான் ஃபூரி, 37 வயது, அப்போது பெரும்பாலும் முன்வரிசையில் இல்லாமல் ஃபிளாங்கராக ஆடிக்கொண்டிருந்தவர். அவருக்கும் ஏதாவது ஆகியிருந்தால் டப்ளினில் இத்தாலி பட்ட பாடுதான். கிட்டத்தட்ட முழு மேட்ச்சும் அவரே தாக்குப்பிடித்தார். தென்னாப்பிரிக்கா 12-11 என்று கோப்பையை வென்றது. அந்த 12 புள்ளியும் பொல்லார்டின் காலிலிருந்து வந்தவை.

இப்படிப் போட்டித் தொடரின் நடுவே சேர்த்த ஆள் கோப்பையை முடித்து வைப்பது முதல் தடவையும் இல்லை. 2011 உலகக் கோப்பையில் நியூசிலாந்தின் ஃபிளை ஹாஃப் டான் கார்ட்டர் காயம், அடுத்து காலின் ஸ்லேட் காயம். ஸ்டீபன் டொனால்டுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. மனிதர் வைக்காட்டோ ஆற்றில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்! இறுதிப் போட்டியில் ஏரன் க்ரூடனும் முழங்கால் பிடித்துக்கொண்டு வெளியேற, டொனால்ட் உள்ளே வந்தார். ஜெர்சி ஒரு சைஸ் சின்னது, வயிறு தெரிய இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே ஆடினார். அவர் அடித்த பெனால்டிதான் வித்தியாசம். ஃபிரான்ஸை 8-7 என்று வென்றார்கள்.

ஆறு-இரண்டு போதாதென்று தென்னாப்பிரிக்கா ஏழு-ஒன்றுக்கும் போயிருந்தது. 2023 ஆகஸ்டில் ட்விக்கன்ஹாமில் வில்லி லெ ரூ கடைசி நேரத்தில் விலக, பேக்குக்குப் பதில் இன்னொரு ஃபார்வர்டைப் போட்டார்கள். ஆல் பிளாக்ஸ் 35-7 என்று தோற்றது, அதுவரை அவர்கள் பார்த்த ஆகப் பெரிய தோல்வி. இது நியாயமா என்று ஒரு கூச்சல் இன்னும் ஓயவில்லை. 2021-லேயே வில்லி ஜான் மக்பிரைட், இயன் மெக்கீக்கன் போன்ற பழைய லயன்ஸ் ஜாம்பவான்கள், மாற்று வீரர் என்பது காயத்துக்கு மட்டும் இருக்கட்டும், களைத்தவர் மேல் புத்துணர்வோடு வரும் 120 கிலோ மோதுவது ஆபத்து என்று கடிதம் எழுதினார்கள். அவர்கள் கவலையை நான் மதிக்கிறேன். முன்வரிசைக்கு மூன்று, மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டு மூன்று என்று வைத்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் 1968-க்கு முந்தைய காலத்துக்குப் பக்கத்தில்கூடப் போக வேண்டாம். காயத்துக்கு மட்டும் என்றால் மறுபடியும் போலிக் காயம் முளைக்கும். ஸ்டூப் மைதானத்தில் பார்த்தாயிற்று. ஏழு-ஒன்றைத் தடை செய்யவும் தேவையில்லை. அதை வைக்கிற ஆளுக்கே அடிவயிற்றில் கத்தி இருக்கிறது.

2025 மார்ச் 8, டப்ளின். ஃபிரான்ஸ் ஏழு-ஒன்று. பெஞ்ச்சில் இருந்த ஒரே பேக், ஸ்க்ரம் ஹாஃப் மாக்சிம் லூக்கு. முதல் பாதியிலேயே, களத்தில் ஆடிய ஸ்க்ரம் ஹாஃப் அன்ட்வான் டியூபோனுக்கு முழங்கால் போய்விட்டது. லூக்கு உள்ளே; பெஞ்ச்சில் இனி பேக்கே இல்லை. அடுத்து இன்னொரு பேக், சென்டர் பியர்-லூயி பராசி, தலைச் சோதனைக்குப் போய்த் திரும்பவில்லை. யாரை விடுவது? ஃபிளாங்கர் ஆஸ்கார் ஜெகு, அதாவது ஒரு ஃபார்வர்ட், சென்டரில் போய் நின்றார்! திட்டம் சுக்குநூறாகியிருக்க வேண்டும். ஃபிரான்ஸ் 42-27 என்று ஜெயித்தது. ஜெகு அந்த இடத்திலேயே பிறந்து வளர்ந்தவர் மாதிரி ஆடினார்.

ஐரோப்பாவின் ஆறு நாட்டுத் தொடரான சிக்ஸ் நேஷன்ஸ் நடக்கும்போது பெரும்பாலும் வியாழக்கிழமையே அணிப் பட்டியல் வந்துவிடும். நான் 15 பேரைத் தாண்டிக் கீழே போய், எத்தனை ஃபார்வர்ட், எத்தனை பேக் என்று எண்ணுவேன். ஆறு-இரண்டு என்றால் நிமிர்ந்து உட்காருவேன். ஏழு-ஒன்று என்றால் அந்தச் சனிக்கிழமை யார் கூப்பிட்டாலும் போன் எடுக்கமாட்டேன்.